படச்சட்டத்தின் அடியில் ஒரு சிவப்பு

பாரிஸ் நகரத்துச் செல்வந்தர் லெயோன் கிளாப்பிசோன் 1882-இல் தன் மனைவி வாலந்தினை வரைந்து தரும்படி ஓவியர் ரெனுவாரிடம் கேட்டார். ரெனுவார் அந்த அம்மையாரைத் தோட்டத்தில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே உட்கார வைத்து வரைந்தார். இன்றைக்குப் பார்க்கிறவர்கள் சொக்கிப்போகும் படம்தான். ஆனால் காசு கொடுப்பவர்களுக்கு அது அதிகத் துணிச்சலாகப் பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரெனுவார் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை வீட்டுக்குள்ளே, நாற்காலியில், அடர்நீல உடையில், பெரிய இடத்துப் பெண்மணிக்குரிய அடக்கத்தோடு வாலந்தின் உட்கார்ந்தார். 1883-இல் முடிந்த அந்தப் படம் வீட்டாருக்குப் பிடித்தது. பாரிஸின் வருடாந்திர ஓவியக் கண்காட்சியான சலோனிலும் இடம்பெற்றது. இப்போது அமெரிக்காவில், சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தின் பின்னணி வெளிறிய நீலமும் சாம்பலுமாக மங்கலாகத் தெரியும். ரெனுவார் விரும்பிய குளிர்ச்சி அதுதான் என்று பார்வையாளர்களும் நம்பினார்கள், வல்லுநர்களும் நம்பினார்கள். ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினார்கள். ஓரத்தில், சட்டத்தின் மரம் மூடியிருந்த இடுக்கில், ஒரு குறுகிய பட்டை செக்கச்செவேல் என்று இருந்தது.

பின்னணி முழுக்க ஒரு காலத்தில் அந்த நிறம்தான். வாலந்தின் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்தது அதைத்தான். நாம் இத்தனை காலம் ரசித்தது மிச்சத்தை.

காசு கொடுத்தது நிறத்துக்கு

இந்தச் சிவப்பு போனதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த நூற்றாண்டின் இன்னொரு கண்டுபிடிப்பைப் பார்க்க வேண்டும்.

1839-இல் பிரான்சில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை முகத்தைப் பதிந்து வைக்க ஓவியர் ஒருவர்தான் வழி. கேமரா வந்ததும், தலை ஆடாமலிருக்க இரும்புக் கவ்வியில் கழுத்தைக் கொடுத்துச் சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும், முகம் தட்டில் பதிந்துவிடும். செலவும் குறைவு. சிறிய அளவு முகப்படங்களை வரைந்து பிழைத்தவர்கள் பலர் தொழிலை விட்டார்கள். சிலர் தாங்களே கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

அப்படியும் வசதியுள்ளவர்கள் ஓவியர் வீட்டுக்குப் பல தடவை நடையாய் நடந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து, பெருந்தொகை கொடுத்தார்கள். அந்தஸ்து ஒரு காரணம், ஆளுயரப் படம் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய கேமராவால் முடியாத ஒன்று ஓவியரிடம் இருந்தது: நிறம். கன்னத்துச் சிவப்பும், பட்டின் நீலமும், திரைச்சீலையின் குங்கும நிறமும் தூரிகைக்கு மட்டுமே கிடைத்தன. ஆக, ஓவியருக்குக் கொடுத்த கூடுதல் காசு பெரும்பாலும் நிறத்துக்கான காசு. அதே நிறம்தான் படத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் கிளம்பிப் போனது.

கள்ளிச்செடியில் வளர்ந்த சாயம்

ரெனுவாரின் பின்னணியிலிருந்து மறைந்த சாயத்தின் பெயர் கார்மைன். அது கொச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சியிலிருந்து கிடைக்கிறது. மெக்சிகோவிலும் பெருவிலும் சப்பாத்திக்கள்ளி வகைச் செடிகளில் வெள்ளைப் பொடி பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் பூச்சி. பெண் பூச்சியை நசுக்கினால் விரலெல்லாம் இரத்தமாகும். ஆனால் அது இரத்தம் இல்லை, கார்மினிக் அமிலம். எதிரிப் பூச்சிகள் தன்னைத் தின்னாமலிருக்க அது உடம்பில் சேர்த்து வைக்கும் தற்காப்பு. ஒரு பவுண்டு சாயச்சரக்குக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் என்பது வணிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு.

ஸ்பெயின் நாட்டார் மெக்சிகோவைப் பிடித்த பிறகு இந்தச் சாயத்தைப் பொத்திப் பொத்தி வைத்து ஐரோப்பாவுக்கு விற்றார்கள். அந்த ஏகபோகத்தை உடைக்க நடந்த முயற்சிகளில் ஒன்று நம்மூர் சைதாப்பேட்டையில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே கள்ளித்தோட்டம் ஒன்றைப் போட்டு, கொச்சினீல் பூச்சிக்காகக் காத்திருந்தார். 1795-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ அதன் காட்டு இனம். சாயத்துக்கு உதவாத மட்டச் சரக்கு. ஆனால் அந்தப் பூச்சி கள்ளியை நன்றாகத் தின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும், பிறகு இலங்கையிலும் புதர்புதராக மண்டியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அழிக்க அதையே பயன்படுத்தினார்கள். களையைப் பூச்சியால் ஒழிக்கும் முறையின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்றாக வேளாண் விஞ்ஞானிகள் இதைச் சொல்வார்கள். சாயம் தேடிப் போய்க் களைக்கொல்லி கிடைத்த கதை.

சாயத்தை அப்படியே எண்ணெயில் குழைத்துப் பூச முடியாது. சாயம் கரையும், வண்ணப்பொடி கரையாமல் நிற்க வேண்டும். அதற்காகச் சாயக் கரைசலில் படிகாரம் சேர்ப்பார்கள். அலுமினியச் சேர்மத்தின் துகள்களைச் சாயம் கெட்டியாகப் பற்றிக்கொண்டு அடியில் படியும். வடித்து, உலர்த்தி, பொடித்தால் வண்ணப்பொடி. இந்த வகை வண்ணங்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் 'லேக்' என்று பெயர். நம் அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்ற சொல்லிலிருந்து போன பெயர் அது. கார்மைனின் அழகு அதன் ஒளிபுகும் தன்மை. வெள்ளைப் பூச்சின்மேல் மெல்லிசாகத் தடவினால், தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவதுபோல் உள்ளிருந்து சிவக்கும். முகம் வரைகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வேட்டியில் மஞ்சள் கறை

வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? துவைத்து நல்ல வெயிலில் காயப்போடு, மஞ்சள் தானாகப் போய்விடும் என்பார்கள். உண்மையிலேயே போய்விடும். கார்மைனுக்கு நடந்ததும் அதுவே. வேட்டியில் ஒரு பகலில் முடிகிற காரியம், படத்தில் பல வருஷம் எடுத்துக்கொண்டது.

மஞ்சளின் குர்குமினும் சரி, பூச்சியின் கார்மினிக் அமிலமும் சரி, கரிம மூலக்கூறுகள். கரி அணுக்களுக்கிடையில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் அமைப்பு அவற்றில் உண்டு. அந்த அமைப்பில் உலாவும் எலெக்ட்ரான்கள் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகின்றன. விழுங்காமல் விட்டதுதான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. ஆக, நிறம் தெரிய வேண்டுமென்றால் மூலக்கூறு ஒளியை விழுங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அதற்குள் ஆற்றல் ஏறுகிறது. பெரும்பாலும் அது சூடாக மாறிக் கழிந்துவிடும். எப்போதாவது ஒருமுறை, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் அந்தச் சமயம் பார்த்துத் தாக்கினால், பிணைப்பு அறுகிறது. அறுந்தால் அந்த மூலக்கூறு நிறமற்றது, திரும்ப ஒட்டாது.

ஓவியத்துக்கு ஒளி செய்யும் சேதம் இப்படித்தான் சிறுகச் சிறுகச் சேருகிறது. மங்கிய விளக்கில் நெடுநாள் வைத்தாலும், பளீர் வெளிச்சத்தில் கொஞ்ச நாள் வைத்தாலும், மொத்தக் கணக்கு ஒன்றேயென்றால் சேதமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே வைக்கின்றன. நம்மூர் உச்சிவெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். கூடத்தில் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய படங்கள் ஏன் சீக்கிரம் வெளுக்கின்றன என்பதற்கும் இதே கணக்குத்தான்.

இந்த ஆபத்து ஓவியர்களுக்குத் தெரியாததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த முகங்களில் கார்மைன் வெளுத்து, உட்கார்ந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே படத்தில் சோகை பிடித்தவர்களாகிவிட்டார்கள். தெரிந்திருந்தும் ரெனுவார் காலத்திலும் ஆசை விடவில்லை. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் அடைத்த வண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணம் அரைக்கும் வேலை கடைக்காரருடையதாயிற்று. அழுத்தினால் வண்ணம் வந்தது; அது எத்தனை வருஷம் நிற்கும் என்பது குழாயைப் பார்த்துத் தெரியாது.

ராமன் காட்டிய சாட்சி

ஓரத்துப் பட்டையில் சிவப்பு இருக்கிறது, சரி. அது கார்மைன்தான் என்று எப்படிச் சொல்வது?

வண்ணத்தை ஆராய வழக்கமான வழி எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சுவது. பித்தளைக் குடத்தைத் தட்டினால் ஓர் ஓசை, மண்குடத்தைத் தட்டினால் வேறோர் ஓசை. அதுபோல, எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழும். பாதரசம் தெரிந்தால் சாதிலிங்கம். ஈயம் தெரிந்தால் ஈயவெள்ளை. ஆனால் கார்மினிக் அமிலத்தில் இருப்பது கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன். அவை சுற்றியுள்ள எண்ணெயிலும் இருக்கின்றன, துணியிலும் இருக்கின்றன. இங்கே தனிமத்தைக் கேட்டுப் பயனில்லை. மூலக்கூறைக் கேட்க வேண்டும்.

அதற்கான வழியை 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டுபிடித்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன்; கூட நின்று உழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒரே நிற ஒளியை ஒரு பொருளின்மேல் பாய்ச்சினால் சிதறும் ஒளியில் ஏறக்குறைய முழுவதும் அதே நிறத்தில்தான் வரும். கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் சற்றே மாறி வரும். மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து வாங்கிக்கொண்டோ வருவதால் அந்த மாற்றம். எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கைரேகை மாதிரி.

சாயங்களில் ஒரு சிக்கல் உண்டு. லேசர் பட்டதும் அவை தாமே ஒளிர ஆரம்பித்துவிடும். உச்சிவெயிலில் அகல்விளக்கைத் தேடுகிற கதையாக, அந்த ஒளிர்வில் ராமன் சிதறல் காணாமல் போகும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்டு வான் டைன் 1977-இல் விளக்கிக் காட்டிய ஒரு விளைவு இதற்குக் கைகொடுத்தது. சொரசொரப்பான வெள்ளிப் பரப்பின்மேல் மூலக்கூறு ஒட்டியிருந்தால், அதன் ராமன் சிதறல் பல லட்சம் மடங்கு கூடுகிறது. வெள்ளி அந்த வீண் ஒளிர்வையும் அமுக்கிவிடுகிறது. அருங்காட்சியக விஞ்ஞானிகளும் வான் டைன் குழுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு துணுக்கு ஒன்றை ரெனுவார் படத்திலிருந்து எடுத்து இந்த முறையில் சோதித்தார்கள். கார்மைனின் கைரேகை அதில் இருந்தது.

அடுத்தது என்ன, மறுபடி சிவப்பைப் பூசிவிட வேண்டியதுதானே? அதைச் செய்யவில்லை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் அது ரெனுவாரின் கை இல்லை. கணினியில் படத்தின் நகலை எடுத்து, இழந்த நிறத்தை அதில் மட்டும் கணக்கிட்டு ஏற்றினார்கள். 2014-இல் சிகாகோவில் இரண்டையும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒன்றில் வாலந்தின் பனிமூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்; இன்னொன்றில் கொழுந்துவிடும் சிவப்புக்கு முன்னால். முகம் ஒன்றுதான், ஆள் மட்டும் வேறு ஆளாகத் தெரிகிறார்.

உடையில் முளைத்த சோப்பு

வெளுப்பது ஒரு மாற்றம் மட்டுமே. எண்ணெய் வண்ணம் 'காய்வது' என்பதே நாம் நினைக்கிற காய்தல் இல்லை. ஈரத்துணி காய்ந்தால் தண்ணீர் போய்விடுகிறது. ஓவியர் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறோடு மூலக்கூறு பின்னிக்கொண்டு இறுகுகிறது. சமையலறை எண்ணெய்த் தூக்கின் வெளிப்புறம் நாளாக ஆக அரக்குபோல் பிசுபிசுத்துக் கெட்டியாகிறதே, அதே வேலை. மேல்தோல் சில நாளில் உலர்ந்தாலும் உள்ளே வேதியியல் பல ஆண்டுகள் நடக்கும்.

1884-இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த 'மேடம் எக்ஸ்' படத்தைப் பாருங்கள். உட்கார்ந்தவர், சரியாகச் சொன்னால் நின்றவர், பாரிஸ் நகரத்து அழகி விர்ஜினி கோத்ரோ. அவர் கேட்டு வரைந்த படமில்லை. சார்ஜென்ட்தான் வற்புறுத்திக் கேட்டு நிற்க வைத்தார். கோத்ரோ மேனியெங்கும் பவுடர் பூசும் வழக்கமுள்ளவர். அந்த விசித்திர வெளுப்பைப் பிடிக்க சார்ஜென்ட் குழைத்தவை ஈயவெள்ளை, சாதிலிங்கம், மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு, விரிடியன் என்ற பச்சை, எலும்புக்கரி. ஒரு பெண்ணின் தோலுக்குப் பச்சையும் கரியும்! தோளிலிருந்து நழுவிய உடைப்பட்டியைக் கண்டு சலோன் கொதித்தது. கோத்ரோவின் தாயார் படத்தை எடுத்துவிடும்படி மன்றாடினார். பிற்பாடு சார்ஜென்ட் பட்டியை மேலே ஏற்றி வரைந்துவிட்டார். கோத்ரோ இறந்த மறு ஆண்டு, 1916-இல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அதை விற்றார்.

அங்கே ஆராய்ந்தவர்கள் அந்தக் கறுப்பு உடையில் பொடிப்பொடியான முனைப்புகளைக் கண்டார்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். வண்ணப்பூச்சில் உள்ள ஈயமும், எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தாலும் சோப்புத்தான், ஈயச் சோப்பு. அது பூச்சுக்குள் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் திரண்டு, வேர்க்குருபோல் மேலே முட்டிக்கொண்டு வருகிறது. தோள்பட்டி விவகாரம் ஓய்ந்து நெடுங்காலம் ஆன பிறகும் அந்த உடை சும்மா இருக்கவில்லை.

தலைகீழாக ஒரு முகம்

மூன்றாவது மாற்றம் எல்லாவற்றையும்விட விநோதமானது. பஜ்ஜி கட்டிக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் ஆகி, அடியில் உள்ள எழுத்து தெரியும். காகித இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி அங்கங்கே வளைந்து சிதறுகிறது. எண்ணெய் நிரம்பியதும் வளைவு குறைகிறது, ஒளி ஊடுருவுகிறது. ஓவியத்தில் உள்ள எண்ணெயின் ஒளிவிலகல் எண் வயதாக ஆகக் கூடி, வண்ணப்பொடியின் எண்ணை நெருங்குகிறது. அதனால் பழைய பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஒளிபுகுவதாகிறது. அடியில் ஏதாவது வரைந்திருந்தால் மேலே கசியும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து விக்டோரியா தேசியக் கலைக்கூடம் 1937-இல் ஓவியர் டெகா வரைந்த படம் ஒன்றை வாங்கியது. கறுப்பு உடையணிந்த ஒரு பெண். 1870-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அவர் யார் என்று தெரியாததால் 'ஒரு பெண்ணின் உருவப்படம்' என்பதே பெயர். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு கறை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் உள்ளே ஏதோ உருவம் இருப்பது தெரிந்தது, யாரென்று தெரியவில்லை.

2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அந்நாட்டு சிங்க்ரோட்ரான் கூடத்துக்குப் படத்தைக் கொண்டுபோனார்கள். வட்டப்பாதையில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, அவை வளையும்போது வீசும் வலுவான எக்ஸ் கதிரை எடுத்துப் பயன்படுத்தும் இடம் அது. தலைமுடியைவிட மெல்லிய கதிர்க்கற்றை படத்தின்மேல் புள்ளி புள்ளியாக 33 மணி நேரம் ஊர்ந்தது. பாதரசம் எங்கே, கோபால்ட் எங்கே என்று தனிமத்துக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஓர் இளம்பெண்ணின் முகம் எழுந்தது, தலைகீழாக. எம்மா டோபினியாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொன்னார்கள். டெகாவுக்கும் இன்னோர் ஓவியரான கொரோவுக்கும் கூலிக்கு உட்கார்ந்த பாரிஸ் மாடல்.

உட்கார்ந்தவர்களிலும் இரண்டு சாதி இருந்ததை இங்கே கவனிக்கலாம். வாலந்தின் காசு கொடுத்து உட்கார்ந்தவர்; படம் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று கேட்க முடிந்தது. எம்மா காசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர். துணியைத் திருப்பிப் போட்டு மேலே வேறொருத்தியை வரைந்தபோது யாரும் அவரைக் கேட்கத் தேவையில்லை. வேதியியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. செல்வந்தர் வீட்டுச் சிவப்பை அது எடுத்துக்கொண்டது. கூலிக்காரப் பெண்ணின் முகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சிகாகோவில் படத்தைச் சட்டத்துக்குள் திரும்பப் பொருத்தினால் அந்தச் சிவப்புப் பட்டை மறுபடி இருட்டுக்குள் போய்விடும். அதற்கு அதுதான் நல்லது. மெல்பர்னிலோ எண்ணெய் இன்னும் தெளிந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாத பெண்ணின் முகத்தில், பெயர் தெரிந்த பெண்ணின் முகம், தலைகீழாக, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் துலங்கி வருகிறது.